எண்ணெய் காணாத அளகம்: இந்தியாவில் சுருள்முடிப் பராமரிப்பின் வரலாறு

காளிதாசரின் மேகதூதத்தில் எளிதில் கண்ணில் படாத ஒரு குறிப்பு உண்டு. ராமகிரியில் பிரிவுத் தண்டனையைக் கழிக்கும் யக்ஷன், அளகாபுரியில் தனித்திருக்கும் தன் மனைவியின் நிலையைக் கற்பனை செய்து மேகத்திடம் சொல்கிறான். அவள் பெருமூச்செறிகிறாள். அந்த மூச்சில், கன்னம் வரை தொங்கும் சுருள்முடி விலகி அசைகிறது. அது மென்மை இழந்து சொரசொரத்துக் கிடக்கிறது. காரணத்தையும் கவிஞரே சொல்லிவிடுகிறார்: அவள் வெறும் நீராடல் மட்டுமே செய்கிறாள். எண்ணெய் முதலியவை இல்லாத குளியல் என்று அதற்குப் பொருள் காண்கிறார் உரையாசிரியர் மல்லிநாதர்.

இலக்கிய மாணவர் இதனைப் பிரிவுத்துயரின் அடையாளமாகப் படிப்பார். அது சரியே. ஆயினும் இந்தக் குறிப்புக்குள் ஒரு நடைமுறை அறிவும் பொதிந்துள்ளது. சுருள்முடியை எண்ணெயின்றி நீரால் மட்டும் அலசி வந்தால் அது வறண்டு முரடாகும் என்பது கவிஞருக்குத் தெரியும். கேட்போருக்கும் தெரியும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். விளக்கம் தேவைப்படாத பொது அறிவாக இருந்தால்தான் ஒரு செய்தி இவ்வாறு போகிற போக்கில் கவிதைக்குள் வர முடியும். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே சொரசொரப்பு இந்தியக் குளியலறைகளில் ஒரு புதிய சிக்கல்போலப் பேசப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் முடி மாறவில்லை. முடியைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி மாறியது. அந்த மாற்றத்தின் வரலாறு இது.

1. சொற்கள்

சுருளைக் குறிக்க வடமொழியில் பல சொற்கள் உள்ளன. நெற்றியிலும் கன்னத்திலும் விழும் சுருளுக்கு 'அலக' என்று பெயர். தமிழின் 'அளகம்' அதன் வழிவந்தது. 'குஞ்சித' என்றால் வளைந்து சுருங்கியது. 'பிரமரக' என்பது நெற்றிச் சுருள். வண்டைக் குறிக்கும் 'பிரமர' என்னும் சொல்லை அடியாகக் கொண்டது. முகத்தாமரையை மொய்க்கும் வண்டுகளாகச் சுருள்களைக் காணும் உவமை இந்தச் சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. 'குடில' என்னும் சொல் வளைவையும் வஞ்சகத்தையும் ஒருங்கே குறிக்கும். ஆனால் கூந்தலுக்கு அடையாக வரும்போது அதில் இழிவுப் பொருள் இல்லை. அது அழகின் சொல்.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், சமாதானம் பேசப் புறப்படும் கிருஷ்ணன்முன் திரௌபதி தன் கூந்தலை இடக்கையில் ஏந்தி நின்று, துச்சாதனன் கை பட்ட கூந்தல் இது என்று நினைவூட்டுகிறாள். அந்தக் கூந்தலின் நுனி சுருண்டது என்பதைக் காவியம் குறிப்பிடுகிறது. இந்திய இலக்கியத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கூந்தல் அதுவே. அது சுருண்டிருந்தது என்பதைப் பிற்கால நாட்காட்டிப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரும்பாலும் மறந்துவிட்டன.

2. கல்லும் சுடுமண்ணும்

சொல்லில் கண்ட மதிப்பு உருவங்களிலும் தொடர்கிறது. மகாபுருஷனுக்குரிய இலக்கணங்களில் ஒன்று, உடலின் மயிர் ஒவ்வொன்றும் வலப்புறமாகச் சுழித்திருத்தல். பாலி மரபின் நிதானகதை இதற்கு ஒரு நிகழ்ச்சியையும் தருகிறது. சித்தார்த்தர் துறவு பூண்டபோது வாளால் தலைமுடியை அரிந்தார். எஞ்சிய இரு விரற்கடை முடி வலப்புறமாகச் சுருண்டு படிந்தது. வாழ்நாள் முழுதும் அவ்வாறே இருந்தது. காந்தாரச் சிற்பிகள் புத்தருக்கு அலையலையான முடியை அமைத்தனர். மதுராவின் தொடக்ககாலச் சிற்பங்களில் நத்தைக்கூடு போன்ற ஒற்றைக் குடுமி காணப்படுகிறது. குப்தர் காலத்துக்குள் தலை முழுவதும் சிறு சிறு சுருள்கள் வரிசையாகப் படிந்த வடிவம் நிலைபெற்று, பௌத்தத்தோடு ஆசியா முழுவதும் பரவியது. நேரான முடி பெருவழக்காக உள்ள சீனத்திலும் ஜப்பானிலும்கூடப் புத்தரின் தலை சுருள்முடியோடுதான் வணங்கப்படுகிறது.

அரசவைச் சூழலிலும் இதே ரசனை காணப்படுகிறது. உத்தரப் பிரதேசத்தின் அகிச்சத்திராவில் 1940 முதல் 1944 வரை நடந்த அகழாய்வில் கிடைத்த பார்வதியின் சுடுமண் தலை இன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நெற்றியை ஒட்டி வரிசையாக இறங்கும் சுருள்களை அந்தக் குயவர் ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார். அகிச்சத்திராவிலும் வாரணாசியை அடுத்த ராஜ்காட்டிலும் கிடைத்த சுடுமண் உருவங்களின் கூந்தல் வகைகளை வாசுதேவ சரண் அக்ரவாலா ஆராய்ந்து, இலக்கியச் சொற்களோடு பொருத்திக் காட்டினார். சிற்பத்தைப் படிக்க அகராதியும், அகராதியைப் படிக்கச் சிற்பமும் உதவும் என்பதற்கு அவருடைய கட்டுரைகள் நல்ல சான்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த உருவங்கள் இலட்சிய வடிவங்கள். அக்கால மக்களின் ஒளிப்படங்கள் அல்ல. எத்தனை பேருக்குச் சுருள்முடி இருந்தது என்பதை இவற்றைக் கொண்டு கணக்கிட முடியாது. சுருள் ஒரு குறையாகக் கருதப்படவில்லை என்பதை மட்டுமே இவை உறுதிப்படுத்துகின்றன. இந்த வரலாற்றுக்கு அதுவே போதும்.

3. கேச சம்ஸ்காரம்

மேகதூதத்தின் முற்பகுதியில், உஜ்ஜயினி மாளிகைகளின் சாளரங்கள் வழியே வெளிவரும் நறும்புகையில் மேகம் பருத்துப்போகும் என்கிறான் யக்ஷன். அது மகளிர் கூந்தலைப் பதப்படுத்த இட்ட புகை. அங்கே வரும் சொல் 'கேச சம்ஸ்கார'. சம்ஸ்காரம் என்பது ஒன்றைச் செம்மைப்படுத்துதல், பண்படுத்துதல். கூந்தலைத் திருத்துவதும் அடக்குவதும் வேறு, பண்படுத்துவது வேறு. ஈரக் கூந்தல் நேரடி வெப்பம் படாமல் மெல்லிய புகையில் மெதுவாக உலர்ந்திருக்கிறது.

மருத்துவ நூல்கள் இதே நிதானத்தை விதிகளாகத் தருகின்றன. நாள்தோறும் தலைக்கு எண்ணெய் வைப்பவருக்குத் தலைவலி, வழுக்கை, நரை, முடியுதிர்வு ஆகியவை வருவதில்லை என்கிறது சரக சம்ஹிதை. இது இன்றைய மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட கூற்றன்று. ஒரு காலத்தின் நம்பிக்கையாகவே கொள்ளத்தக்கது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் கூறும் மற்றொரு விதியோ இன்றைக்கும் பொருந்துகிறது: வெந்நீர் உடலுக்கு வலிமை தரும், அதையே தலையில் ஊற்றினால் முடியும் கண்ணும் வலிமை குன்றும். வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையில் நறுமணப் பொருள்களைப் பற்றிய அத்தியாயம் நரைக்குச் சாயமிடும் முறையோடு தொடங்குகிறது. அங்கே நெல்லிக்காய் விழுதுக்கும் ஓர் இடம் உண்டு.

காமசூத்திரத்தின் நாகரகனுக்கு வகுக்கப்பட்ட ஒழுங்கும் நோக்கத்தக்கது. நீராடல் நாள்தோறும், உடலைத் தேய்த்துப் பிடித்துவிடுதல் இரண்டு நாளுக்கு ஒருமுறை, நுரைப்பொருள் மூன்று நாளுக்கு ஒருமுறை, மழித்தல் நான்கு நாளுக்கு ஒருமுறை. அந்த நுரைப்பொருள் தலைக்கானது என்று நூல் கூறவில்லை. ஆயினும் நீர் ஒரு கால அளவையும் நுரை வேறொரு கால அளவையும் பின்பற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கே தெளிவாக இருக்கிறது. குளிப்பதும் நுரைப்பதும் ஒன்றே என்று கருதும் பழக்கம் அண்மைக்காலத்தது.

நுரை தந்த காய்களுக்கும் தனி வரலாறு உண்டு. வடமொழியில் 'அரிஷ்ட', இந்தியில் 'ரீட்டா', தமிழில் பூந்திக்கொட்டை என வழங்குவது ஒரே இன மரங்களின் காய். அதன் தாவரவியல் பேரினப் பெயரான 'சபிண்டஸ்', இந்தியச் சோப்பு எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் சுருக்கம். புனே பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தின் பி. கே. கோடே, பூந்திக்கொட்டை, சோப்பு, சலவைத் தொழிலாளர் ஆகியோரின் வரலாற்றைத் தனிக்கட்டுரையாகவே எழுதினார். மற்றொரு காயான சீயக்காய் தெற்கிலிருந்து வடக்கே பெயரோடு பயணம் செய்தது. இந்தியில் அது 'ஷிகாகாய்'. கூந்தலைக் குறிக்கும் 'சிகை' என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பலரும் சொல்வதுண்டு. ஆனால் தமிழில் சீகை, கன்னடத்தில் சீகே, தெலுங்கில் சீகாய என்று நெடிலோடு தொடங்கும் வடிவங்கள், இது அந்தச் செடிக்கே உரிய தென்னாட்டுப் பெயர் என்று கருத இடம் தருகின்றன. பயன்பாடு பெயரை விழுங்கிவிட்டதால் சிகை என்ற விளக்கம் பிற்பாடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு நிதானமும் யாருடைய நேரத்தில் நடந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. விராட பருவத்தில் திரௌபதி அரண்மனைப் பணிப்பெண்ணாக வேலை கேட்டுச் செல்லும்போது, கூந்தல் ஒப்பனை தனக்குத் தெரியும் என்பதைத் தன் முதல் தகுதிகளுள் ஒன்றாகச் சொல்கிறாள். அரசியின் அளகம் மென்மையாக இருந்ததற்குப் பின்னால் மற்றொரு பெண்ணின் கைகள் இருந்தன. எண்ணெய் அரைத்தவர், காய் இடித்தவர், நீர் சுமந்தவர், சிக்கெடுத்தவர் ஆகியோரின் பெயர்களை எந்த நூலும் பதிவு செய்யவில்லை. பழைய பராமரிப்பைப் புகழ்பவர்கள் அந்த உழைப்பையும் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும்.

4. ஏன் சுருள்முடி விரைவில் வறள்கிறது

காளிதாசர் கண்ட சொரசொரப்புக்கு இன்று உடற்கூற்று விளக்கம் உண்டு. நேரான முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாகவும், சுருள்முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டமாகவும் இருக்கும். சுருள்முடியின் மயிர்க்காலே தோலுக்குள் வளைந்து அமைந்திருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய் நேரான இழையில் எளிதாக வழிந்து நுனியை அடையும்; சுருளில் ஒவ்வொரு வளைவும் அதற்குத் தடை. எனவே வேர்ப்பகுதி எண்ணெய்ப் பசையோடும் நுனி வறண்டும் இருப்பது சுருள்முடியின் இயல்பு.

இழையின் மேற்பரப்பில் ஓட்டுக்கூரைபோல் அடுக்கிய செதில்கள் உள்ளன. வளைவுகளில் அவை சற்றே தூக்கி நிற்கும். காரத்தன்மை மிகும்போது இன்னும் விரியும். ஒரு செதில் மற்றொன்றில் மாட்டிச் சிக்காகும். தலைத்தோலின் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5, வழக்கமான சோப்பின் அளவு 9 முதல் 10 வரை. கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேரும்போது கரையாத வெண்படிவம் உருவாகி இழையில் ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டை, சீயக்காய் ஆகியவற்றின் கரைசல்கள் சற்றே அமிலத்தன்மை கொண்டவை. அவற்றின் சப்போனின்கள் கடினநீரில் அத்தகைய படிவத்தைத் தோற்றுவிப்பதில்லை. முன்னோருக்கு வேதியியல் தெரிந்திருந்தது என்று இதற்குப் பொருளில்லை. பல தலைமுறைகள் தொடுவுணர்வால் தேர்ந்தெடுத்த பொருள்கள் இவை.

5. 'சாம்போ' சென்று 'ஷாம்பு' வந்தது

இந்தியாவிலிருந்து வெளியே சென்று, பொருள் மாறித் திரும்பி வந்த சொற்களுள் 'ஷாம்பு' முதன்மையானது. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்துதல், பிசைதல்; அதன் ஏவல் வடிவம் 'சாம்போ'. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இச்சொல் உடம்பு பிடித்துவிடுவதையே குறித்தது. 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிப் பின் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் வாழ்ந்தவர். பிரைட்டன் கடற்கரையில் அவர் நடத்திய நீராவிக் குளியல் நிலையம் புகழ்பெற்றது. 1822இல் அந்தச் சிகிச்சையைப் பற்றி நூலும் எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்' என்னும் பதவியில் இருந்தார். அந்தப் பட்டத்தில் வரும் ஷாம்புவுக்கும் தலைமுடிக்கும் தொடர்பில்லை; அது தசையைப் பிசைவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஆங்கிலத்தில் இச்சொல் தலையை நுரைத்துக் கழுவுதல் என்ற பொருளுக்கு நகர்ந்தது. பிறகு கழுவப் பயன்படும் பொருளுக்கே பெயராயிற்று. மூலச்சொல்லோ இந்தியாவில் தன் பழைய வேலையைத் தொடர்ந்தது. 'சம்பி' என்றால் இன்றும் எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிடுதல். 1957இல் வெளிவந்த 'ப்யாசா' திரைப்படத்தில் ஜானி வாக்கர் ஏற்ற பாத்திரம் கல்கத்தாத் தெருக்களில் அந்தத் தொழிலைச் செய்பவர். ஆக, ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் இன்றைய இந்திய வீட்டில் எதிரெதிர் வேலைகளைச் செய்கின்றன. சம்பி எண்ணெயைச் சேர்க்கிறது. ஷாம்பு எண்ணெயை நீக்குகிறது. சுருள்முடிப் பராமரிப்பு என்பது இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலைதான்.

6. வண்டிலிருந்து கம்பளிக்கு

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடியைப் பற்றிய கேள்வியும் மாறியது. ஐரோப்பிய மானிடவியலாளர் மனிதகுலத்தை முடியின் வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தத் தொடங்கினர். ஏ. சி. ஹாடன் போன்றோர் பயன்படுத்திய மூன்று பிரிவுகளும் கிரேக்கச் சொற்களால் ஆனவை: மென்முடியர், அலைமுடியர், கம்பளிமுடியர். இந்த மூன்றாம் பெயரில்தான் சிக்கல் இருக்கிறது. சுருளைப் பார்த்து வண்டை நினைத்த மரபுக்கும் ஆட்டின் உரோமத்தை நினைத்த மரபுக்கும் இடையே உள்ள தொலைவு, இரண்டு உவமைகளின் தொலைவு மட்டுமன்று. முதலாவது அழகைச் சொல்கிறது. இரண்டாவது மனிதரை விலங்கின் பக்கம் தள்ளுகிறது.

இந்தியாவில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அளவைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முயன்றவர் என்பது பலரும் அறிந்தது. அளவெடுக்கும் அந்தப் பழக்கத்தில் முடியும் ஒரு பத்தியாக இடம்பெற்றது. பின்னர் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான பி. எஸ். குஹா, கொச்சி மலைப்பகுதிக் காடர்களிடம் கண்ட சுருண்ட முடியை நெக்ரிட்டோ இனக்கூறுக்குச் சான்றாக முன்வைத்தார். அக்காலத்தில் அது தீவிரமாக விவாதிக்கப்பட்ட கருத்து. முடியின் வடிவத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்றும், ஒரே மாதிரியான சுருள் வெவ்வேறு மக்களிடம் வெவ்வேறு வழிகளில் தோன்றலாம் என்றும் இன்று தெரியும். ஒரு சுருளை வைத்து ஒருவரின் வம்சத்தை எழுத முடியாது.

கோட்பாடு பழசானாலும் அது விட்டுச்சென்ற பார்வை மறையவில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் வாழும் சித்திகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அகமதுநகர் அரசை முகலாயருக்கு எதிராகக் கட்டிக்காத்த மாலிக் அம்பர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்தவர், 1626இல் மறைந்தார். சித்திகள் பேசுவது கன்னடம், கொங்கணி, குஜராத்தி. கர்நாடகத்தில் 2003இல் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஆயினும், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்ற கேள்வியை அவர்கள் தம் சொந்த மாநிலத்திலேயே எதிர்கொள்கின்றனர். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பவற்றுள் தலைமுடியும் ஒன்று. சுருள்முடியைப் பராமரிப்பது பற்றிய பேச்சு சிலருக்கு ஒப்பனைப் பேச்சு. சிலருக்குக் குடியுரிமைப் பேச்சு.

7. பெட்டியும் பொட்டலமும்

லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் 1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவிலேயே சோப்பு ஆலைகள் எழுந்தன. மைசூர் அரசின் சந்தன சோப்பு முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கியது. உடலுக்கு வந்த சோப்பு தலைக்கும் ஏறியது. அதன் பின்விளைவைச் சீர்செய்ய மேலும் எண்ணெய் தேவைப்பட்டது. அந்த எண்ணெயைப் போக்க மேலும் சோப்பு தேவைப்பட்டது. இந்தச் சுழற்சி சுருள்முடிக்கு மிகவும் கேடானது.

1964இல் சன்சில்க் ஷாம்பு இந்தியச் சந்தைக்கு வந்தது. அது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் பொருளாகவே இருந்தது. அதனைத் தெருமுனைப் பெட்டிக்கடைவரை கொண்டுசென்றது கடலூரில் பிறந்த ஒரு யோசனை. சின்னிக்கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களில் அடைத்தார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்பு ஐம்பது பைசாப் பொட்டலமாக நாடெங்கும் பரவியது. தினக்கூலிக்காரரும் வாங்கக்கூடிய விலை அது. அந்த அளவில் அது ஒரு சமத்துவம். அதே வேளையில் அந்தப் பொட்டலம் ஓர் ஒழுங்கையும் குலைத்தது. காய் இடித்து, ஊறவைத்து, வாரம் ஒருமுறை நடந்த தலைக்குளியல் நினைத்தபோதெல்லாம் நடக்கக்கூடியதாயிற்று. எல்லாருக்கும் ஒரே பொட்டலம் என்றானபோது, சுருண்ட முடிக்கும் நேரான முடிக்கும் உள்ள வேறுபாடு கணக்கில் வரவில்லை.

விளம்பரங்கள் மற்றொரு வேலையையும் செய்தன. நீர்வீழ்ச்சிபோல் நேராக வழிந்து ஒளிரும் கூந்தலே ஆரோக்கியத்தின் உருவமாகக் காட்டப்பட்டது. நேரான இழைகள் ஒளியை ஒரே திசையில் பிரதிபலிப்பதால் பளபளப்பாகத் தெரியும். சுருள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் மங்கலாகத் தெரியும். ஒளியியலின் இந்த எளிய விளைவு ஆரோக்கியக் குறைவாக விற்கப்பட்டது. பின்னாளில் முடியின் கந்தகப் பிணைப்புகளை வேதிப்பொருளால் உடைத்து நேராக்கும் முறைகள் அழகு நிலையங்களில் பெருகின. குப்தர் காலக் குயவர் ஒவ்வொன்றாகச் செதுக்கிய சுருளை அழிக்கப் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

8. திரும்பி வந்த கேள்வி

2001இல் லொரெய்ன் மாஸி அமெரிக்காவில் வெளியிட்ட 'கர்லி கேர்ள்' என்னும் கையேடு ஒரு திருப்பத்தைக் குறித்தது. கடுமையான நுரைப்பொருளைக் கைவிடுக, ஈரப்பதத்தைக் காத்திடுக, வறண்ட முடியைச் சீப்பால் இழுக்காதீர் என்பவை அதன் சாரம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ஆண்ட்ரே வாக்கர் என்னும் சிகையலங்காரக் கலைஞர் முடியை நான்கு வகைகளாகப் பிரித்திருந்தார். இன்று இந்திய இளைஞர்களும் தம் முடியை 2சி, 3பி என்றெல்லாம் குறிப்பிடுவது அந்த மரபில் வந்ததே. வகைப்பாடு என்ற அளவில் இதற்கும் ஹாடனின் பட்டியலுக்கும் உருவ ஒற்றுமை உண்டு. நோக்கம்தான் வேறு. ஒன்று மனிதரைத் தரம்பிரிக்க எழுந்தது. மற்றொன்று முடிக்கு எது தேவை என்று அறிய எழுந்தது. ஆயினும், தளர்ந்த சுருளுக்கு மட்டும் பாராட்டும் இறுகிய சுருளுக்கு மௌனமும் கிடைக்கும்போது, பழைய தரவரிசை புதிய எண்களுக்குள் புகுந்துவிடுகிறது.

இந்த அலையோடு பழம்பெருமைப் பேச்சும் வந்தது. எல்லாம் நம்மிடமே இருந்தது என்பது பாதி உண்மை. 2003இல் ஆரத்தி ரேலே, ஆர். பி. மொஹிலே ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் காட்டியது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவ வல்லது என்பது அவர்கள் தந்த விளக்கம். பரவலாக மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வு, தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடந்தது. அதனால் முடிவு பொய்யாகிவிடாது. படிப்பவர் அதனை அறிந்து படிக்க வேண்டும். மறுபுறம், பொடுகும் தலைத்தோல் அழற்சியும் உள்ளவர்கள் தலையில் எண்ணெயை ஊறவிட்டால், அங்கு வாழும் பூஞ்சைக்கு அது உணவாகும். பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்; அடிக்கடி பயன்படுத்தினால் அதுவும் முடியை வறட்டும். இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் மென்மையானதாகிவிடாது.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து இன்றைக்குக் கொள்ளத்தக்கவை சிலவே. நுரை தலைத்தோலுக்கு உரியது; நுனிகளுக்கு வழிந்தோடும் நீரே போதும். அலசுவதற்கு முன் நுனிகளில் சிறிது எண்ணெய் தடவினால், இழை அளவுக்கு மீறி நீரை உறிஞ்சி ஊதுவது குறையும். தலைக்கு வெந்நீர் வேண்டாம். இளஞ்சூடோ தண்ணீரோ போதும். சிக்கை, மென்மையூட்டும் கண்டிஷனர் தடவிய ஈர முடியில், விரலாலோ அகன்ற பல் சீப்பாலோ, நுனியில் தொடங்கி மேல்நோக்கி எடுக்க வேண்டும். உலர்ந்த சுருளில் சீப்பை இழுப்பது அதனை உடைப்பதாகும். துவட்டும்போது தேய்க்காமல், பழகிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மீதியைக் காற்றுக்கு விட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை நுரைப்பது என்பதை வியர்வையும் நீரின் தன்மையும் தலைத்தோலின் நிலையும் தீர்மானிக்கட்டும். விளம்பரம் தீர்மானிக்க வேண்டியதில்லை. இவற்றுக்கு விலையுயர்ந்த அலமாரி தேவையில்லை. சிறிது நேரம் தேவை. அந்த நேரத்தை வேறொருவரின் உழைப்பிலிருந்து எடுக்காமல் தன்னுடையதிலிருந்து எடுத்துக்கொள்வது இந்தக் காலத்தின் முன்னேற்றம்.

அளகாபுரிப் பெண்ணுக்கு மீண்டும் வருவோம். அவள் சுருள் முரடாகிவிட்டது என்று யக்ஷன் வருந்துகிறான். அது சுருண்டிருக்கிறதே என்று அவன் வருந்தவில்லை. அவள் தன்னைப் பேணிக்கொள்ளும் மனமில்லாமல் இருக்கிறாள் என்பதே அவன் துயரம். முடியில் குறை காணும் பார்வைக்கும் முடிக்குக் கிடைக்காத பராமரிப்பைக் காணும் பார்வைக்கும் இடையே உள்ள வேறுபாடு அதுதான். இடையில் வந்த இரு நூற்றாண்டுகள் முதல் பார்வையைப் பழக்கின. இரண்டாவது பார்வைக்குத் திரும்ப, பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டால் போதும்.